கோளாறு லென்ஸில்தான்

பிப்ரவரி 6

கடையநல்லூரிலிருந்து ஒரு குடும்பம் ஸ்டூடியோவுக்கு வந்தது. மாப்பிள்ளைப் பையன் உட்காரும் முன்பே கேட்டான், கேண்டிட் யார் எடுப்பார்கள் என்று. பிரபு என்றேன். அப்போ நீங்க? டிரடிஷனல் என்றேன். "வரிசையா நிக்க வச்சு எடுக்கதா?" என்றான். அவன் அப்பா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய.

தென்காசியில் இருபது வருஷத்துக்கு மேல் கல்யாணம் எடுக்கிறேன். இப்போது நான் வரிசையாக நிற்க வைக்கிறவன். ஜனங்கள் நம்மைப் பார்க்காத நேரம் பார்த்து எடுத்தால் அது கலை. நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போது எடுத்தால் அது ரேஷன் கார்டு போட்டோ.

முடிவு செய்துவிட்டேன். இந்த முகூர்த்த சீசனிலேயே நல்ல லென்ஸ் ஒன்று வாங்குவது. நானும் கேண்டிட் எடுப்பது.

பிப்ரவரி 9

பிரபுவிடம் சொன்னேன். மணிகண்டபிரபு என் ஸ்டூடியோவில் பாதிப் பங்காளி. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். கேட்கிற குடும்பமெல்லாம் இப்போது அவனைத்தான் கேட்கிறது.

35 எம்.எம். வாங்கச் சொன்னான். கூட்டத்துக்குள் நின்று எடுக்க அதுதான் சரியாம். எனக்கு 85 வேண்டும். 85 என்றால் முகம். லென்ஸை முழுசாகத் திறந்து எடுத்தால் பெண்ணின் முகம் மட்டும் நிற்கும், பின்னாலிருக்கும் சீரியல் லைட்டும் பிளாஸ்டிக் நாற்காலியும் பெரியப்பா சட்டையும் எல்லாம் உருகிப் போய்விடும். நம்மூர் மண்டபத்துக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

"முழுசாத் திறந்தா ஃபோகஸ் நூலளவுதான்ணே நிக்கும். ஒரு விரக்கடை தள்ளிப் போனாலும் கண்ண விட்டுட்டு காதப் பிடிச்சிரும்" என்றான்.

எனக்குப் பாடம் எடுக்கிறான். அவனிடம் இருப்பது மிரர்லெஸ், கண்ணைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். என்னுடையது பழைய மாடல். இடது கண்ணை மூடி, வலது கண்ணை வியூஃபைண்டரில் ஒட்டி, ஃபோகஸ் புள்ளியை நான்தான் கொண்டுபோய் வைக்கவேண்டும். அதில்தான் தொழில் இருக்கிறது என்று நினைக்கிறவன் நான்.

பிப்ரவரி 17

திருநெல்வேலிக்குப் போய்க் கடையில் மூன்று லென்ஸ் மாட்டிப் பார்த்தேன்.

முதலில் 24-70. எதிர்க் கட்டடத்தின் தூண் நடுவில் வயிறு தள்ளினாற்போல் தெரிந்தது. அகலக் கோணத்தில் வைத்தால் ஓரத்தில் வளையும், தெரியும். நடுவில் வளையுமா? விற்கிறவனிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டு, நேராகத்தானே சார் இருக்கு என்றான். அவனுக்கு விற்க வேண்டும், அப்படித்தான் சொல்வான். அடுத்து 70-200. கையில் பிடித்தால் உரல் மாதிரி கனம். மூன்றாவது 85. அதிலும் ஏதோ லேசான நெளிவு. ஆனால் கல்லாவில் இருந்த பெண்ணின் முகத்துக்குத் திருப்பியதும் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. வாங்கிவிட்டேன்.

பஸ்ஸில் ஆலங்குளம் தாண்டும்வரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன். இந்த வயதில்.

மார்ச் 3

செங்கோட்டையில் கல்யாணம். 85-ல் முதல் வேலை. சாயங்காலம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். பெண்ணின் ஜிமிக்கி கூர்மை. கண் இல்லை. மாப்பிள்ளையின் மீசையில் ஒரு பாதி இருக்கிறது, மறுபாதி இல்லை. தாய்மாமன் படத்தில் பின்னால் நிற்கிற தவில்காரர் அருமையாக விழுந்திருக்கிறார்.

பிரபு பின்னால் நின்று பார்த்தான். நாலைந்து படத்தோடு டீ வாங்கப் போய்விட்டான். ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மார்ச் 4

வியூஃபைண்டர் பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தை யாரோ திருப்பியிருக்கிறார்கள். அவரவர் கண்ணுக்குத் தகுந்தாற்போல் வைத்துக்கொள்வது அது. இத்தனை வருஷமும் ஒரே இடத்தில் வைத்திருந்தேன். இன்று எந்தப் பக்கம் திருப்பினாலும் தெளிய மாட்டேன் என்கிறது.

காமிரா இருக்கிற அலமாரிச் சாவி என்னிடம் ஒன்று, பிரபுவிடம் ஒன்று.

மார்ச் 12

பிரபு என் 85-ஐ வாங்கி அவன் காமிராவில் மாட்டி ஒரு நாள் முழுக்க எடுத்துப் பார்த்தான். ஒவ்வொன்றும் கத்தி. டீக்கடைக்காரரின் இமைமயிரை எண்ணலாம். "லென்ஸ் நல்லாத்தான்ணே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். என்னலே பாக்க என்றேன். ஒண்ணுமில்லண்ணே என்றான்.

அவன் கையில் மட்டும் நன்றாக இருக்கிற லென்ஸ்.

மார்ச் 26

திருப்பிக் கொடுத்த 85-ஐக் கடைக்காரன் கம்பெனிக்கு அனுப்பிச் சோதித்து வரவழைத்துவிட்டானாம். கோளாறு இல்லை என்று சீட்டு. அவன் லென்ஸை அவனே சோதித்தால் கோளாறு எப்படி வரும்? சண்டை போட்டு 70-200-க்கு மாற்றிக்கொண்டேன். அதைக் கொடுக்கும்போதும் ஒரு தரம் மாட்டிப் பார்த்தேன். தூண் நெளிகிறது. கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பான். எடுத்த படத்தில் நேராக வருகிறது, வியூஃபைண்டரில் மட்டும்தான் நெளிகிறது. காமிராவே உள்ளுக்குள் சரிபண்ணிக்கொள்ளும் போல.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். என் வீட்டுக்காரி உமா வடை பாயசத்தோடு இன்னொன்றையும் பரிமாறினாள். கண் டாக்டரிடம் போவோமா என்றாள். எதற்கு என்றேன். சர்க்கரை இருக்கிறவர்கள் வருஷம் ஒரு தடவை கண்ணைக் காட்ட வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். கூட வேலை பார்க்கிற இலஞ்சிப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இவளுக்கு எல்லா நோயும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். எனக்கு பேப்பர் படிக்கத் தெரிகிறது, ரோட்டைக் கடக்கத் தெரிகிறது, தூரத்தில் பொதிகை மலையில் மேகம் இறங்குவது தெரிகிறது. என் கண்ணுக்கு என்ன?

நான் கத்திய கத்தலில் அவள் எழுந்து போய்விட்டாள். பாயசத்தை முழுசாகக் குடித்தேன். வேண்டுமென்றே.

மே 30

இலஞ்சியில் மகாதேவன் வீட்டுக் கல்யாணம். அவர் பேத்தி உமாவின் வகுப்பில் படிக்கிறாள். அப்படி வந்த ஆர்டர் இது. இப்போது கல்யாணம் கடைசி மகளுக்கு. பெரிய குடும்பம், பழைய நிலபுலம், முருகன் கோவிலில் இவர்களுக்கென்று ஒரு மண்டகப்படி உண்டு. டீச்சரம்மா வீட்டுக்காரர்தான் எடுக்கணும் என்று மகாதேவனே சொன்னாராம்.

பேசி வைத்தது இதுதான்: மணவறைக்கு நேர் எதிரே 70-200 வைத்து நான். தாலி கட்டு என்னுடையது. பிரபு கூட்டத்துக்குள்.

கெட்டி மேளம் ஆரம்பித்த நேரம். புள்ளியைப் பெண்ணின் கண்ணில் வைக்கிறேன், அது நழுவுகிறது. சரியாக நடுவில், எங்கே பார்க்கவேண்டுமோ அங்கே மட்டும், கண்ணாடியில் எண்ணெய் பட்டமாதிரி. சட்டை முனையால் துடைத்தேன். மறுபடி வைத்தேன். அப்போது பார்த்தால் மணவறையின் வலது பக்கம், ஐயர் தோளுக்குப் பின்னால், பிரபு. அவன் அங்கே நிற்க வேண்டியவனே இல்லை. தாலி கட்டை எடுத்துக்கொண்டிருக்கிறான். என் தாலி கட்டை.

பந்தியில் அவன் பக்கத்தில் உட்காரவில்லை.

மே 31

எழுதவே கை வரவில்லை. நான் எடுத்த படம் மொத்தமும் புகை.

ஜூன் 7

ஆல்பத்துக்குப் படம் பொறுக்க மகாதேவன் வீட்டுக்கு பிரபுவும் நானும் போனோம். மாடி ஹாலில் டிவியில் போட்டுக் காட்டினோம். குடும்பமே உட்கார்ந்திருந்தது. தாலி கட்டு வந்தது. நான் எடுத்தது. மகாதேவனின் வீட்டம்மா, "இது என்ன, மஞ்சள் புகையா?" என்று மெதுவாகக் கேட்டார். அடுத்தது பிரபு எடுத்தது. பெண்ணின் கண் ஓரத்தில் நிற்கிற கண்ணீர், கழுத்தில் மாப்பிள்ளையின் விரலில் ஒட்டிய மஞ்சள்கூடத் தெரிந்தது.

மகாதேவன் பண்போடுதான் சொன்னார். "நாறும்பூ, தப்பா நினைக்காத. தம்பி எடுத்ததையே வச்சுக்கிடுவோம்."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. என் காமிராவில் இவன் கையை வைத்திருக்கிறான் என்றேன். வியூஃபைண்டர் சக்கரத்தைச் சொன்னேன், லென்ஸை வாங்கிக்கொண்டு போனதைச் சொன்னேன், அலமாரிச் சாவியைச் சொன்னேன். என் வேலையைக் கெடுத்துவிட்டுத் தன் வேலையைக் காட்டுகிறான் என்றேன். அந்தக் குடும்பத்துக்கு முன்னால். பெண்பிள்ளைகளுக்கு முன்னால்.

பிரபு லேப்டாப்பை மூடினான். "உங்க காமிராவ நான் தொட்டதில்லண்ணே" என்றான். அவ்வளவுதான்.

குரல் நடுங்கியிருந்தால் பொய் என்று சொல்லியிருக்கலாம். அவன் குரல் நடுங்கவில்லை.

ஜூன் 8

மாவட்ட போட்டோகிராபர்கள் வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டேன். கூட வேலை செய்கிறவர் சாமானில் கைவைத்துப் பெயரைக் கெடுக்கிற மணிகண்டபிரபுவிடம் எல்லாரும் ஜாக்கிரதையாக இருக்கவும் என்று. யார் யாரோ கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள். மனசு ஆறினமாதிரி இருந்தது. பத்து நிமிஷம்.

ஜூன் 10

பிரபு வந்து அவனுடைய லைட், ஸ்டாண்டு, டிஸ்க் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். சாவியை மேசைமேல் வைத்தான். உமா வாசலில் நின்றாள். அவளிடம் மட்டும், வாரேன் மதினி என்றான்.

ஜூன் 28

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுத.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. கோவில்பட்டியிலிருந்து ஒரு புதுஜோடி, அருவி பின்னால் தெரிய படம் வேண்டும் என்று வந்தார்கள். ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு தோப்பு. சாரல் விட்டு விட்டு அடிக்கிறது. முன்பெல்லாம் பிரபு குடை பிடிப்பான். இன்று நானே ஒரு கையில் குடை, ஒரு கையில் அந்த உரல் கனம். பெண்ணின் முகம் நடுவில் கரைந்து போகிறது. என்ன செய்தும் நிற்க மாட்டேன் என்கிறது. மாப்பிள்ளை சிரித்துச் சிரித்து வாய் வலிக்கிறது அண்ணாச்சி என்கிறான்.

ஒரு காற்று. குடை மடங்கி மரத்துத் தண்ணீர் அத்தனையும் என் முகத்தில். வலது கண்ணில் சருகோ மண்ணோ ஏதோ விழுந்து திறக்கவே முடியவில்லை. ஜோடி காத்து நிற்கிறது, வெளிச்சம் போகிறது. சரி என்று இடது கண்ணை வைத்தேன். வாழ்க்கையில் வியூஃபைண்டருக்குள் இடது கண்ணால் பார்த்ததே இல்லை.

அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது.

முழுசாக. மூக்குத்தியில் நிற்கிற சாரல் துளி தெரிந்தது. பின்னால் பாக்கு மரங்கள் நட்டுக்குத்தாக நின்றன. ஒன்றுகூட நெளியவில்லை. லென்ஸ் அதே லென்ஸ். சக்கரம் அதே இடத்தில்.

வலது கண்ணைக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி அதை வைத்தேன். மரமெல்லாம் வளைந்தது.

அவர்களிடம் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். காமிராவைப் பையில் போட்டு, ஜிப்பைக்கூட இழுக்காமல் ரோட்டுக்கு நடந்தேன்.

ஜூன் 29

வீட்டில் ஒரு கண்ணைப் பொத்திப் பொத்திப் பார்க்கிறேன். உமாவின் முகம் இடதில் இருக்கிறது. வலதில் அவளுக்கு மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கறை. ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் என்றாள். சொன்னேன்.

அவள் அழுவாள், டாக்டரிடம் போவோம் என்பாள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள்:

"பிரபுட்ட என்ன சொல்லப் போறீங்க?"

ஜூலை 2

திருநெல்வேலியில் கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு, உட்கார வைத்து, வெளிச்சம் அடித்து, படம் எடுத்தார்கள். என் கண்ணின் உள்பக்கத்தைப் படம் எடுக்கவும் ஒரு லென்ஸ் உண்டு. நல்ல ஷார்ப்பான படம்.

டாக்டர் சின்னப் பெண். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஓர் அட்டையைக் காட்டி, வலது கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நடுவில் கோடெல்லாம் ஒன்றோடொன்று சாய்ந்து கிடந்தது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து, பார்வையின் நடு இடத்தில் தேங்கியிருக்கிறதாம். சர்க்கரையால் வந்தது. நாள் ஆகிவிட்டதாம். இடது கண் நல்ல நிலையில் இருந்ததால் நடமாட்டத்தில் தெரியாமல் போயிருக்கிறது. ஒற்றைக் கண்ணால் பார்க்கும் வேலையில் முதலிலேயே தெரிந்திருக்குமே சார், என்ன தொழில் பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

விவசாயம் என்றேன். உமா என்னைப் பார்த்தாள்.

கண்ணுக்குள் மாதாமாதம் ஊசி. இருப்பதைக் காப்பாற்றலாம். போனது முழுக்கத் திரும்புமா என்று சொல்ல முடியாது. இடதிலும் ஆரம்பம் இருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது உமா சொன்னாள். சித்திரை மாதம் கண்ணைக் காட்டச் சொன்னது டீச்சர்கள் இல்லையாம். பிரபு. வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனானாம். அண்ணனுக்கு ஃபோகஸ் வைக்கிற இடம் தெரியல மதினி, நான் சொன்னா கேக்க மாட்டாரு, நீங்களாச் சொன்னமாதிரி கூட்டிட்டுப் போங்க என்று. இலஞ்சிக் கல்யாணத்தில் ஐயர் தோளுக்குப் பின்னால் போய் நின்றதும் அதற்குத்தானாம். என் படம் விழாமல் போனால் பெண்ணுக்குத் தாலி கட்டே இல்லாமல் போய்விடும் என்று.

நீ ஏன்டி அன்றைக்கே சொல்லவில்லை என்றேன்.

"நீங்க கேட்ட லட்சணந்தான் தெரியுமே" என்றாள். மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.

ஜூலை 10

முதல் ஊசி. வலி பெரிதில்லை. ஊசி கண்ணுக்கு வருவதைப் பார்க்க அந்தக் கண்தான் இருக்கிறது, அதுதான்.

ஜூலை 14

பிரபுவுக்குப் போன் செய்தேன். முதல் தடவை எடுக்கவில்லை. பிறகு அவனே கூப்பிட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். கண், டாக்டர், கட்டம் போட்ட அட்டை. தப்பு என்மேல்தான் பிரபு என்றேன். இந்த வார்த்தை என் வாயில் வந்து எத்தனை காலமோ.

"உடம்பப் பாத்துக்கிடுங்கண்ணே" என்றான். சர்க்கரைக்கு என்ன மாத்திரை என்று கேட்டான். மதினி எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டான். சரி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் மனசுக்குள் பாய் விரித்துப் படுத்துவிட்டேன். அப்போது சொன்னான்:

"குரூப்ல போட்டீங்கள்லா. இதையும் அங்கனயே போடுவீங்களா? எனக்கு ரெண்டு இடத்துல வேண்டாம்னுட்டாங்க அண்ணே. பொண்ணு வீட்டுக்குள்ள போற தொழிலு."

போடுகிறேன் என்றேன்.

ஜூலை 15

போடவில்லை.

ஜூலை 19

எழுதிப் பார்த்தேன். "என் வலது கண்ணில் கோளாறு இருந்ததை அறியாமல்..." அதற்கு மேல் விரல் ஓடவில்லை. போட்டால் என்ன நடக்கும் என்று தெரியாதா எனக்கு? கண்ணில்லாத போட்டோகிராபர். இந்த மாவட்டத்தில் ஒரு மண்டபத்து வாசலில் அப்புறம் எனக்கு வேலை கிடையாது. ஆவணியில் இருப்பது ஒரே ஒரு ஆர்டர், புளியங்குடியில். அதுவும் போகும்.

கண் என்று சொல்லாமல் போட முடியாதா? "தவறான புரிதல்" என்று பொதுவாக? அப்படியும் ஒன்று எழுதினேன். வாசித்தால் பிரபுவை நான் பெரிய மனசு பண்ணி மன்னித்தமாதிரி இருந்தது. அழித்தேன்.

இடது கண்ணால் எடுக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பழகிக்கொள்ளலாம். பழகிக்கொண்டு, ஆவணி முடிந்து, நிதானமாகப் போடலாம். ஒரு மாதத்தில் பிரபு ஒன்றும் தேய்ந்துவிட மாட்டான்.

உமா கேட்கவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். கேட்டுத் தொலைக்கலாம்.

ஆகஸ்ட் 8

இரண்டாவது ஊசி இன்று. வலது கண்ணுக்குக் கடிகாரத்தில் முள் இருப்பது தெரிகிறது. இடதுக்கு லேசர் வைக்க வேண்டும் என்கிறார்கள்.

70-200-ஐ விற்றுவிடுவது என்று முடிவு. அந்தக் கனத்தைத் தூக்கி, இடது கண்ணை வைத்து, ஓடுகிறவர்களைத் துரத்த என்னால் ஆகாது. புளியங்குடிக்கு என் பழைய 50 போதும்.

ஆகஸ்ட் 12

லென்ஸைப் பார்க்க வாசுதேவநல்லூரிலிருந்து ரெபேக்காள் என்று ஒரு பெண் வந்தாள். சர்ச் கல்யாணம் எடுக்கிறாளாம். பாதிரியார் பீடத்துக்குப் பக்கத்தில் போகவிட மாட்டார், கடைசி பெஞ்சிலிருந்து மோதிரம் மாற்றுவதை எடுக்க வேண்டும், அதற்கு இதுதான் வேண்டும் என்றாள். எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குகிறவள். மாட்டினாள், வாசலுக்கு வெளியே போய் ரத வீதியில் போகிற வருகிறவர்களை எடுத்தாள். திரும்பி வந்து, அருமையான லென்ஸ் அண்ணாச்சி, ஏன் கொடுக்கீங்க என்றாள். தேவைப்படல என்றேன்.

பையில் வைத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள். "உங்க கூட இருந்த ஆளுதானா, அந்த பிரபு? லென்ஸெல்லாம் திருடிட்டுப் போயிட்டாராமே. எங்க ஊர்ல ஒரு வீட்டுல அவரு வந்தப்ப நகை வச்ச ரூமப் பூட்டிட்டாங்க."

திருடு என்று நான் எழுதவில்லை. எங்கேயும் எழுதவில்லை. கைவைத்தான் என்றுதான் எழுதினேன். வாசுதேவநல்லூர் போவதற்குள் அது திருடாகிவிட்டது.

"இல்லம்மா, அவன் ஒண்ணும் எடுக்கல" என்றேன். அவள் சரி அண்ணாச்சி என்றாள். நம்பின முகமாகத் தெரியவில்லை. பெரியவர் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார் என்று நினைத்திருப்பாள்.

அவள் போனபிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். நகை வைத்த ரூமைப் பூட்டியிருக்கிறார்கள். அவன் அதைப் பார்த்திருப்பான். பார்த்துவிட்டு, காமிராவைத் தூக்கி அந்தப் பெண்ணைச் சிரிக்கச் சொல்லியிருப்பான். அப்படிப்பட்டவன்தான்.

எழுதினேன். என் வலது கண்ணில் சர்க்கரையால் பார்வை போயிருக்கிறது. அது தெரியாமல் லென்ஸையும் மணிகண்டபிரபுவையும் குறை சொன்னேன். அவர் என் சாமானைத் தொட்டதே இல்லை. என் வேலையைக் காப்பாற்றியவர். நான் போட்டது பொய்.

கீழே நாறும்பூநாதன் என்று முழுப்பெயர். அனுப்பினேன்.

ஆகஸ்ட் 13

குரூப்பில் கை கூப்பிய படங்கள். சீக்கிரம் குணமாகப் பிரார்த்தனைகள். ஒருவர் மூலிகை ஒன்று சொல்லியிருக்கிறார். பிரபுவைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. பொய்யைச் சொன்னபோது இருந்த சுறுசுறுப்பு உண்மைக்கு இல்லை.

பிரபு பார்த்துவிட்டான் என்று தெரிகிறது. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 16

புளியங்குடிக்காரர் போன் செய்தார். வேறு ஆளைப் பார்த்துவிட்டார்களாம். கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

ஆகஸ்ட் 24

உமாதான் ஆரம்பித்தாள். பாஸ்போர்ட் போட்டோ, ஜெராக்ஸ், பழைய ஆல்பம் ஸ்கேன், இதெல்லாம் ஸ்டூடியோவில் இருந்தே செய்யலாமே என்றாள். ஆளை ஸ்டூலில் உட்கார வைத்து, நேராகப் பார்க்கச் சொல்லி, இடது கண்ணால். அசையாமல் இருக்கிற முகம், நடுப்புள்ளியே போதும். வெள்ளைத் துணி பின்னால். வரிசையில் நிற்கக்கூட வேண்டாம்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலைந்து பேரை அவளே அனுப்பியும் வைத்தாள். அவளிடம் நன்றி என்று சொல்லத் தோன்றியது. சொன்னால் ஏதோ நோய் முற்றிவிட்டது என்று நினைப்பாள்.

செப்டம்பர் 4

மகாதேவன் வீட்டில் இன்னொரு விசேஷம். அவருடைய தம்பி மகனுக்குக் கல்யாணம், இலஞ்சியிலேயே. பத்திரிகை உமாவுக்கு வந்தது, குடும்பத்தோடு வரவும் என்று. வரவில்லை என்றேன். வேட்டியை எடுத்து வைத்துவிட்டாள்.

மண்டபத்தில் பை இல்லாமல் நுழைந்தது இதுதான் முதல் தடவை. கை இரண்டும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மகாதேவன் வந்து தோளைத் தொட்டு, சாப்ட்டுட்டுப் போகணும் என்றார். அந்த மாடி ஹாலைப் பற்றி இருவரும் பேசவில்லை. உமா பெண்கள் பக்கம் போய்விட்டாள். நான் பழக்கத்தில் நடந்து போய் மணவறைக்கு எதிரே நின்றுவிட்டேன் போல. அட்சதை கையில் இருந்தது.

மேளம் உயர்ந்தது. மேடையில் இரண்டு பெரிய லைட் என் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. கேட்டதும் தெரிந்தது, பிரபுதான்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. ஃபிரேம்ல வாரீங்க."

அண்ணே என்றுதான் அவன் என்னைக் கூப்பிடுவான். அண்ணாச்சி என்பது ஊரில் எல்லாருக்கும் பொது. என்னைத் தெரிந்து சொன்னானா, யாரோ ஒரு பெரியவர் என்று சொன்னானா? அவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்த்தேன். அந்த வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்தது தோளும் காமிராவும்தான்.

தள்ளிக்கொண்டேன்.